மூணுக்கு மேல் வேண்டாம், அண்ணி!

அத்தியாயம் 17

போன வாரம் டீச்சரை மாடிப்படியிலேயே நிற்கவைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், இடுப்பில் ஈரத்துணிக் கூடை, வாயில் இரண்டு கிளிப். எதிரே மேல்படியில் நாத்தனார்.

"ஒன்பதாம் வகுப்புக் கணினிப் பாடத்தையும் திங்கட்கிழமையிலேர்ந்து நீயே எடுத்துக்கோம்மா. கொஞ்ச நாளைக்குத்தான்" என்று அவர் கேட்க, டீச்சர் கிளிப்பைக் கடித்தபடியே, "ம்... சரி அண்ணி" என்றாளே, வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அந்தக் 'கொஞ்ச நாள்' எவ்வளவு நீளம் என்று டீச்சருக்குத் தெரியாதா என்ன? புவியியல் டீச்சர் பிரசவ விடுப்பில் போனபோது பத்தாம் வகுப்புப் புவியியல் இவளிடம் வந்ததும் கொஞ்ச நாளைக்குத்தான். பத்து வாரம் ஓடிவிட்டது. எட்டாம் வகுப்புக் கணக்கு, ஒன்பதுக்கும் பத்துக்கும் இயற்பியல் என்று அவளுடைய சொந்தப் பாடங்களே மூன்று. ஒவ்வொன்றுக்கும் தனியாகப் படித்து, குறிப்பெழுதி, கேள்வித்தாள் தயாரிக்க வேண்டும். புவியியல் நாலாவது. இனி கணினி ஐந்தாவது.

நாத்தனார் மாடி வீட்டில் குடியிருப்பவர். டீச்சர் வேலை பார்க்கும் அதே பள்ளியில் துணைத் தலைமையாசிரியை. கால அட்டவணை அவர் கையில். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'மணிக்கூண்டு'. அவர் வராந்தாவில் நடந்தால் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பள்ளிக் கேட்டுக்குள் 'மேடம்', கேட்டைத் தாண்டினால் 'அண்ணி'. டீச்சர் பதினாறு வருஷமாக இதில் ஒருமுறைகூடத் தடுமாறியதில்லை.

புதன்கிழமை காலை. சாப்பாட்டு மேஜை மேல் தட்டுகளை விட நோட்டுகள் அதிகம் இருந்தன.

"அம்மா, ரொட்டியில வெண்ணெய்னு நினைச்சு பசை தடவிட்ட" என்றாள் மகள்.

டீச்சர் பார்த்தாள். உண்மைதான். கேள்வித்தாள் ஒட்ட எடுத்த பசை டப்பா, வெண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில் சாதுவாக உட்கார்ந்திருந்தது.

கணவன் அந்தத் துண்டை அவள் கையிலிருந்து பத்திரமாக வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டான். அவன் லிஃப்ட் மெக்கானிக். "ஏம்மா, ஒரு லிஃப்ட்ல எட்டு பேர்னு எழுதியிருக்கும்போது..."

"அப்பா! வாரத்துக்கு மூணு லிஃப்ட் உதாரணம்தான்னு பேசியிருக்கோம். இந்த வாரக் கோட்டா நேத்தே காலி" என்றாள் மகள்.

"மூணுதான்னு எனக்குச் சட்டம் போடறீங்க. உங்கம்மாவுக்கு யாரும் போட மாட்டேங்கறீங்களே!"

சட்டம் இல்லாமல் இல்லை. போன வருஷம்தான் ஆசிரியர் சங்கமும் நிர்வாகமும் ஒப்பந்தம் போட்டன. ஒரு ஆசிரியருக்கு மூன்று பாடத் தயாரிப்புகளுக்கு மேல் தரக்கூடாது, அவரே மனமொத்துச் சம்மதித்தால் ஒழிய. அந்த வால்தான் இப்போது டீச்சரைச் சுற்றிக்கொண்டிருந்தது.

நேற்று சாயங்காலம் விளையாட்டு ஆசிரியர் போன் செய்திருந்தார். சங்கத்தின் பள்ளிப் பிரதிநிதி அவர்தான். எல்லோருக்கும் விசில் சார்.

"டீச்சர், பதிவேட்ல உங்க பேருக்கு நேரா 'ஐந்து பாடம், சம்மதம் வாய்மொழியாக'ன்னு எழுதியிருக்கு. அதைக் காட்டி உயிரியல் டீச்சருக்கும் வரலாறு சாருக்கும் நாலாவது பாடம் தரப் போறாங்க. 'அவங்களே அஞ்சு எடுக்கும்போது உங்களுக்கு நாலு கசக்குதா'ங்கறாங்க. நாளைக்குப் பன்னெண்டரைக்குப் பெரிய சார் அறையில விசாரணை. நீங்க சம்மதிச்சீங்களா இல்லையா, அது ஒண்ணுதான் கேள்வி."

அந்தக் கேள்வி இரவெல்லாம் தலையணைக்கடியில் கிடந்து உறுத்தியது. சம்மதிக்கவில்லை என்றால் நாத்தனார் பதிவேட்டில் பொய் எழுதியதாக ஆகும். தலைமையாசிரியரான பெரிய சார் இரண்டு மாதத்தில் ஓய்வு பெறுகிறார். அடுத்த தலைமையாசிரியைக்கான தேர்வில் நாத்தனார் பெயர் முதலில் இருக்கிறது. சம்மதித்தேன் என்றால் இன்னும் இரண்டு பேர் தலையில் பாரம் ஏறும்.

"நீங்க உங்கக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கணவனைக் கேட்டாள்.

அவன் காபிக் கோப்பைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டான். "நான் இந்தப் பக்கம் பேசினா நீ கோவிச்சுப்பே, அந்தப் பக்கம் பேசினா அவ கோவிச்சுப்பா. நான் நடுவுல நின்னுபோன..."

"லிஃப்ட்!" என்றார்கள் தாயும் மகளும் ஒரே குரலில்.

முதல் பீரியட். எட்டாம் வகுப்பு.

டீச்சர் நோட்டைத் திறந்து, விறுவிறுவென்று பலகையில் படம் போட்டாள். ஒரு கண்ணாடித் துண்டு, அதில் சாய்ந்து விழும் ஒளிக்கதிர், உள்ளே போனதும் அது வளைகிற கோணம். அழகான படம். பிள்ளைகள் மூச்சுவிடாமல் எழுதிக்கொண்டார்கள்.

பன்னிரண்டு நிமிஷம் கழித்து முன்பெஞ்சு ரெட்டை ஜடை எழுந்து நின்றாள். "டீச்சர், கணக்குப் பீரியட்ல கண்ணாடி எதுக்கு?"

டீச்சர் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்பதாம் வகுப்பு இயற்பியல், அழகாக, முழுசாக, தப்பான அறையில் இருந்தது.

"இவ்வளவு நேரம் ஏன் யாரும் சொல்லலை?"

"நல்லா இருந்தது டீச்சர்" என்றது வகுப்பு.

டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் பார்த்தவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. வெளியே மணிக்கூண்டு நின்றுகொண்டிருந்தது. நாத்தனார் பலகையைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், நடந்தார். அன்றைக்கு அவர் இரண்டாவது மாடிக்கு மூன்று நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததாகப் பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

மூன்றாவது பீரியட் பத்தாம் வகுப்புப் புவியியல். இந்த வகுப்பில்தான் மகளும் படிக்கிறாள்.

டீச்சர் நேற்று அறுபத்திரண்டாம் பக்கம்வரைதான் படித்திருந்தாள். அதற்குப் பிறகு தூக்கம் வந்து புத்தகத்தை மூடிவிட்டது. கடைசி பெஞ்சில் நெட்டை என்று பெயரெடுத்தவன் கையைத் தூக்கினான்.

"டீச்சர், மலைக்கு இந்தப் பக்கம் அப்படி மழை பெய்யுது. அந்தப் பக்கம் மட்டும் ஏன் காஞ்சு கிடக்குது?"

அது அறுபத்து மூன்றாம் பக்கம்.

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் ஜியோமெட்ரி பாக்ஸைத் தட்டிவிட்டாள். அது தரையில் விழுந்து, காம்பஸும் ஸ்கேலுமாக நாலா பக்கமும் ஓடியது. பிள்ளைகள் பொறுக்கக் குனிந்தார்கள். அம்மாவைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த வழி அதுதான்.

ஆனால் டீச்சர் அந்தச் சந்தடியைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் பொறுக்கி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"நல்ல கேள்விப்பா. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். ஆனா இதை நான் ஒழுங்காப் படிச்சுட்டு வரலை. தெரியாம சொல்ல மாட்டேன்."

நெட்டை ஏதோ தானே தப்புச் செய்ததுபோல உட்கார்ந்தான்.

மணியடித்ததும் மகள் வராந்தாவில் அம்மாவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அம்மா, கோவிச்சுக்காதே. இயற்பியல் எடுக்கும்போது நீ எங்ககிட்ட பேசறே. கடைசி பெஞ்சுகூட வாயை மூடிக்கிட்டுக் கேக்குது. புவியியல் எடுக்கும்போது நீ வாசிக்கறே. எங்களுக்கும் வாசிக்கத் தெரியும்மா."

பதினைந்து வயசுப் பெண் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஒரு கன்னத்தில் அறைந்தமாதிரியும் இருந்தது, இன்னொரு கன்னத்தில் தட்டிக்கொடுத்த மாதிரியும் இருந்தது.

பன்னிரண்டு இருபதுக்கு நாத்தனார் வந்தார். ஆய்வகத்துக்கு வெளியே, யாரும் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தினார்.

"உள்ளே கேப்பாங்க. 'ஆமா, சம்மதிச்சேன்'னு மட்டும் சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"மத்ததுன்னா என்ன மேடம்?"

"அடுத்த வருஷம் நான் அந்த நாற்காலியில உக்காந்தா உனக்கு ரெண்டே பாடம் போடறேன். போதுமா?"

"எனக்கு ரெண்டு போட்டா மிச்சம் யார் தலையில விழும்?"

நாத்தனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாச்சு, வா."

பெரிய சார் அறையில் மின்விசிறி கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. மேஜைக்குப் பின்னால் பெரிய சார், வலது பக்கம் நாத்தனார், இடது பக்கம் விசில் சார். வழக்கத்தில் கழுத்தில் தொங்கும் விசிலை இன்றைக்கு மரியாதைக்காகச் சட்டைப்பையில் போட்டிருந்தார். டீச்சர் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

விசில் சார் ஒப்பந்தத்தை வாசித்தார். பெரிய சார் கையமர்த்தினார்.

"எல்லாம் சரி சார். மூணுக்கு மேல கூடாது, ஒத்துக்கறேன். ஆனா அவங்களே விரும்பி எடுத்துக்கிட்டா நான் தடுக்கவா முடியும்? பதிவேட்ல இருக்கே. ஏம்மா, கணினிப் பாடத்துக்குச் சரின்னு சொன்னீங்களா இல்லையா?"

நாத்தனார் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், கழற்றினார்.

டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சொன்னேன் சார்."

விசில் சாருக்கு முகம் தொங்கிவிட்டது. பெரிய சார் பதிவேட்டை மூடக் கையை நீட்டினார்.

"இன்னும் முடியலை சார். எங்க வச்சுச் சொன்னேன்னும் எழுதிக்கோங்க. எங்க வீட்டு மாடிப்படியில, ஈரத்துணிக் கூடையோட, வாயில கிளிப்போட. கேட்டது எங்க அண்ணி. என் பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தப்ப ராத்திரியும் பகலும் முழிச்சுப் பாத்துக்கிட்டவங்க. அவங்க கேட்டா நான் சரின்னுதான் சொல்வேன். கணினின்னாலும் சரிதான், கப்பல் ஓட்டுன்னாலும் சரிதான்."

பெரிய சாரின் மீசை லேசாக அசைந்தது.

"ஆனா மேடம் என்னைக் கேக்கவே இல்லை சார். இந்தக் கட்டடத்துல, மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்து, 'உங்களால முடியுமா'ன்னு கேட்டிருந்தா, முடியாதுன்னு சொல்லியிருப்பேன். இன்னிக்கு எட்டாம் வகுப்புக்கு ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை எடுத்தேன். பத்தாம் வகுப்புல ஒரு பையன் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாம நின்னேன். நாலுக்கே இந்த லட்சணம். மூணு பாடம்னா என்னால நல்லாச் சொல்லித்தர முடியும். அஞ்சுன்னா நான் புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு அறை அறையா நடக்கத்தான் முடியும்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு நாத்தனார் பக்கம் திரும்பத் துணிவில்லை.

நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. நாத்தனார் எழுந்து நின்றிருந்தார்.

"பதிவேட்ல எழுதினது தப்பு சார். நான்தான் எழுதினேன். காலையிலே எட்டாம் வகுப்பு ஜன்னல் பக்கத்துல நின்னப்பவே அந்த வரியை அடிச்சிருக்கணும். மனசு வரலை." பதிவேட்டை இழுத்து, அந்த வரியின் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். அவருடைய கையெழுத்து வழக்கமாக அச்சடித்தமாதிரி இருக்கும். இன்றைக்குக் கொஞ்சம் கோணியது.

பெரிய சார் தாடையைத் தடவினார். "நல்லது. கணினியை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைப்போம். அப்ப புவியியல்? அது பரீட்சைப் பாடமாச்சே. யார் எடுக்கறது, இந்தச் சுவரா?"

"சார், இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் புவியியல் டீச்சரா வேலைக்கு வந்தவங்க இன்னொருத்தர் இருக்காங்க" என்றார் விசில் சார், கூரையைப் பார்த்துக்கொண்டே. "இருபத்திரண்டு வருஷம் முன்னாடி."

எல்லோரும் நாத்தனாரைப் பார்த்தார்கள். அவர் முகத்தில் ஒரு கணம் ரத்தமே இல்லை. பிறகு தலையை ஆட்டினார்.

"திங்கட்கிழமையிலேர்ந்து நான் எடுக்கறேன்."

வராந்தாவுக்கு வந்ததும் விசில் சார் பையிலிருந்து விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்த அறுபது பிள்ளைகள் காரணம் தெரியாமல் அப்படியே நின்றார்கள்.

சாயங்காலம் ஆறு மணி. புவியியலுக்கு அடுத்த பீரியட் திங்கட்கிழமைதான். டீச்சர் மேஜையில் மூன்று நோட்டுகள் மட்டும் இருந்தன. மூன்றிலும் மறுநாள் பாடம் தயார். எதையோ மறந்துவிட்டோம் என்ற பயத்தில் இரண்டு முறை பையைக் கொட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, இப்ப நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா உக்காரு" என்றான் கணவன்.

"எப்படி?"

அவன் அவள் கையில் வெந்நீர்க் கோப்பை ஒன்றைத் திணித்து, ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்தான். தெருவில் யாரோ சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார்கள். பத்து வாரத்தில் இந்த ஜன்னலுக்கு வெளியே தெரு இருந்ததே அவளுக்கு நினைவில்லை.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. டீச்சர் கோப்பையை இறுக்கிப் பிடித்தாள். கணவன் எதற்கும் இருக்கட்டும் என்று சமையலறைக்குள் நழுவப் பார்த்தான்.

"டேய், எங்க ஓடறே? இங்கயே இரு" என்றது வாசலிலிருந்து குரல்.

நாத்தனார் உள்ளே வந்தார். கையில் பத்தாம் வகுப்புப் புவியியல் புத்தகம். நேராக டீச்சர் முன்னால் வந்து நின்றார்.

"ஈரத்துணி, கிளிப்பு... இதெல்லாம் சொல்லணுமா? அதுவும் பெரிய சார் முன்னால? கப்பல் வேற ஓட்டச் சொன்னேனாம்!"

"தப்புதான் அண்ணி. வேகத்துல வந்துருச்சு."

"விசில் சார் ஸ்டாஃப் ரூம் முழுக்க நடிச்சுக் காட்டிட்டாரு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கறாங்க." சொல்லிக்கொண்டே வந்த நாத்தனாரின் உதடும் துடித்தது. அடக்கிப் பார்த்து முடியாமல் அவரே சிரித்துவிட்டார். டீச்சரும் சிரித்தாள். வெந்நீர் மடியில் சிந்தியது.

சிரிப்பு அடங்கியதும் நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புத்தகத்தின் மூலையைக் கசக்கினார்.

"உண்மையைச் சொல்றேன். புவியியல் டீச்சர் லீவுல போனப்பவே நான்தான் எடுத்திருக்கணும். பதினோரு வருஷமாச்சு வகுப்புல நின்னு. நாப்பது பிள்ளைங்க முன்னால போய் வாயைத் திறந்து, ஒண்ணும் வரலைன்னா? அந்தப் பயத்துலதான் உன் தலையில கட்டினேன். நீ மறுத்துப் பேச மாட்டேன்னு தெரியும். அது இன்னும் பெரிய தப்பு."

டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மணிக்கூண்டுக்குப் பயம் உண்டு என்று இந்தப் பதினாறு வருஷத்தில் யாரும் அவளிடம் சொன்னதில்லை.

அப்போது நாத்தனாரின் போன் அடித்தது. எடுத்தார். "சொல்லுங்க சார்... ஆமா சார்... என்னது?" எழுந்து நின்றார். "திங்கட்கிழமையா? எல்லா வேட்பாளருக்குமா? சரி... சரி சார்."

போனை மேஜையில் வைத்தார். வைத்த கை அங்கேயே இருந்தது.

"பெரிய சார். தலைமையாசிரியர் தேர்வுக் குழுவுல இந்தத் தடவை பேட்டியோட விடலையாம். ஒவ்வொருத்தரும் வகுப்பெடுக்கறதை உக்காந்து பார்ப்பாங்களாம். என்னைப் பார்க்க வர்றது திங்கட்கிழமை, மூணாவது பீரியட்."

"எங்க புவியியல் பீரியட்!" என்று அறைக்குள்ளிருந்து ஓடிவந்தாள் மகள். "அத்தை, நான் முன்பெஞ்சுல உக்காரட்டுமா?"

"நீ லீவு போட்டுடு" என்றார் அத்தை பலவீனமாக.

டீச்சர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். மூன்று நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள். கணவனை ஒன்றில் உட்கார வைத்தாள், மகளை ஒன்றில், தான் ஒன்றில்.

"இப்பவே எடுத்துப் பாருங்க அண்ணி. அதோ, ஃபிரிட்ஜ்தான் பலகை."

"ஐயோ, இப்பவா?"

"இப்பவேதான்."

நாத்தனார் ஃபிரிட்ஜுக்கு முன்னால் போய் நின்றார். புத்தகத்தைத் திறந்தார், மூடினார். "நாம இன்னிக்கு... ஆறு. ஆறு ஏன் நேரா ஓடறதில்லைன்னு..." குரல் உள்ளே போய்விட்டது. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மகள் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் உட்கார்ந்திருந்தாள். அறையில் ஃபிரிட்ஜ் மட்டும் முனகியது.

கணவன் மெல்ல ஒரு விரலைத் தூக்கினான்.

"மிஸ், தண்ணி குடிச்சுட்டு வரட்டுமா?"

நாத்தனாரின் முதுகு தானாக நிமிர்ந்தது. கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார்.

"வகுப்பு ஆரம்பிச்ச ரெண்டாவது நிமிஷமே தண்ணியா? உக்காரு! நீயே சொல்லு பார்ப்போம். ஆத்துக்கு நடுவுல ஒரு பாறை இருந்தா தண்ணி என்ன பண்ணும்?"

அந்தக் குரலில் மாடி ஜன்னல்கூட அதிர்ந்தது. நாற்பத்திரண்டு வயசு லிஃப்ட் மெக்கானிக் பதில் தெரியாமல் எழுந்து நின்று விழித்தான். முன்பெஞ்சு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

திங்கட்கிழமைக்கு நடுவில் நாலே நாள்தான் இருந்தது.